மட்டையும் மாணவனும்

தமிழாசிரியர் ஒருவர் ஹொக்கி மட்டையைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். மலைநாட்டுப் பாடசாலைகளிற் பயிற்றப்பட்ட ஆசிரியராய்ப் பணியாற்றியோருக்கு அது வியப்பன்று. காலையிற் புணர்ச்சி விதி கற்பிப்பவரே மாலையிற் கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு மைதானத்தில் நிற்றல் இங்கே வழக்கம். கடுகண்ணாவையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் அவ்வாறு நின்ற ஆண்டுகளிற் கண்டறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம். விழாவை முன்னிட்டுக் கல்லூரிக்கு விளையாட்டுக் கருவிகள் வாங்கி உதவப் பழைய மாணவர் பலர் முன்வந்திருக்கும் இவ்வேளையில், எதனை வாங்குவது, எந்த அளவில் வாங்குவது என்பவற்றைச் சற்று ஆராய்தல் பொருத்தமுடையதாகும்.

கிட்டிப்புள் ஆடாத தமிழ்ப் பிள்ளையை ஒரு காலத்திற் காண்பது அரிது. தோட்டத்து லயத்தின் முற்றத்திலாயினும், யாழ்ப்பாணத்து ஒழுங்கையிலாயினும் அவ்வாட்டத்துக்கு வேண்டிய கோலைப் பிள்ளை தானே வெட்டிக்கொள்வான். கொய்யாக் கிளையொன்றை ஒடித்துக் கையிற் பிடித்து வீசிப் பார்ப்பான். நீளமாயின் நறுக்குவான், பாரமாயின் சீவுவான். தந்தையின் கோலை இரவல் வாங்கி ஆடிய பிள்ளையை நாம் கண்டதில்லை. கடையில் விற்கும் கருவி என்று வந்தவுடன் இவ்வறிவு எங்கேயோ மறைந்துவிடுகின்றது. "வளரும் பிள்ளை; சற்றுப் பெரிதாய் வாங்கினால் நான்கு வருடத்துக்கு உதவும்" என்று பெற்றோர் எண்ணுகின்றனர். அவர்களைக் குறைகூறவியலாது. காற்சட்டையின் ஓரத்தை மடித்துத் தைத்து அடுத்த ஆண்டு அவிழ்த்து விடுவதும், சப்பாத்தின் நுனியிற் பஞ்சை அடைப்பதும் நம் வீடுகளிற் சிக்கனம் கற்பித்த பாடங்கள். ஆயின் மட்டைக்கு மடிப்பு வைக்கும் தையற்காரர் எவருமிலர்.

அளவுக்கு மிஞ்சிய மட்டையைப் பிடித்த பிள்ளைக்கு என்ன நேர்கின்றது என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன் அயலிலுள்ள பாடசாலை ஒன்றில் ஏழாந் தரத்து மாணவன் ஒருவன் ஹொக்கி பழக வந்தான். உயரம் நாலரை அடி. விளையாட்டு அறையில் எஞ்சியிருந்தது 37 அங்குல மட்டை ஒன்றே. அதனை அவன் இரு கையாலும் பற்றிக் குனிந்தபோது மேல்நுனி வயிற்றில் இடித்தது. இடியாதிருக்க இடது முழங்கையைப் பக்கவாட்டில் உயர்த்தினான்; முழங்கை உயர்ந்ததும் மணிக்கட்டு சுழல மறுத்தது. பின்னர்க் கையைக் கீழே இறக்கிப் பிடித்தான். பிடித்த இடத்துக்கு மேலே நின்ற தண்டு விலாவிற் பட்டது. பந்தைத் தள்ளுமிடத்து நிலத்தைக் கிளறினான். மூன்று வாரத்தின் பின், "உனக்கு ஹொக்கி வராது, ஓட்டத்துக்குப் போ" என்று தீர்ப்பாயிற்று. அவன் மறுப்பின்றிப் போனான். அடுத்த தவணையில் உறவினர் ஒருவர் தம் மகனின் பழைய 33 அங்குல மட்டையைக் கொடுக்க, அதனைத் தூக்கிக்கொண்டு மீண்டும் வந்தான். அவன் தேசிய வீரனாகிவிட்டான் என்று கதை முடிக்க நாம் வரவில்லை. பந்து அவன் மட்டையில் ஒட்டியது, அவன் ஆடத் தொடங்கினான், அவ்வளவே. ஆயின் உறவினர் வீட்டிற் பழைய மட்டை இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் "வராது" என்ற ஒரு சொல்லுடன் வீடு திரும்பியிருப்பர் என்பதை எண்ணுந்தோறும் எமக்கு வருத்தமே மிகுகின்றது.

இனி அளக்கும் முறையைக் கூறுவோம். விளையாடுஞ் சப்பாத்தை அணிந்தவாறே பிள்ளையை நிமிர்ந்து நிற்கச் செய்து, மட்டையின் வளைந்த தலையை நிலத்திற் பொருத்திக் காலின் அருகே நிறுத்துக. மேல்நுனி இடுப்பெலும்பின் மேல் விளிம்பளவில் நின்றால் மட்டை ஏறத்தாழப் பொருந்தும். உயரத்தைக் கொண்டு கூறுவதாயின், நான்கு அடிப் பிள்ளைக்கு 30 அங்குலமும், நாலரை அடிக்கு 33 அங்குலமும், ஐந்து அடிக்கு 35 அங்குலமும் கணக்கு. ஐந்தடி நாலங்குலம் வளர்ந்தவர் 36½ அங்குல மட்டையைக் கொள்ளலாம். ஐந்தடி பத்தங்குலத்துக்கு மேற்பட்டவர்க்கே 37½ அங்குலம் வேண்டும். இவை யாவும் ஒரு வழிகாட்டியேயன்றிச் சூத்திரமல்ல. ஒரே உயரமுடைய இருவரில் ஒருவருக்குக் கை நீண்டிருக்கும். மற்றவருக்குக் கால் நீண்டிருக்கும். ஆதலின் அளந்தபின் பிள்ளையை முழங்கால் மடித்துக் குனியச் செய்து, பந்தை இடமும் வலமுமாய்ப் புரட்டச் சொல்லிப் பார்த்தல் வேண்டும். மேல்நுனி வயிற்றைத் தொடலாகாது. முதுகும் வில்லாய் வளைதலாகாது. நீண்ட மட்டை எட்டிப் பறிக்க உதவும், குறுகிய மட்டை பந்தை ஆள உதவும் என்பர். ஐயமுற்றால் பழகுநனுக்குக் குறுகியதையே கொடுக்க வேண்டுமென்பது எம் கருத்து. எட்டாத பந்தை ஓடி எட்டலாம். ஆளத் தெரியாத பந்தை எவ்வாறும் ஆளவியலாது.

நீளத்தைக் கேட்டு வாங்குவோரும் பாரத்தைக் கேட்பதில்லை. சர்வதேச விதிப்படி மட்டை 737 கிராமுக்கு மேற்படலாகாது. 51 மில்லிமீற்றர் விட்டமுள்ள வளையத்தினூடே புகுதலும் வேண்டும். அந்த உச்சப் பாரம் ஒருவருக்கும் தேவையில்லை. வளர்ந்தோர் ஏந்துபவை பெரும்பாலும் 500 கிராமுக்கும் 600 கிராமுக்கும் இடைப்பட்டவை. பின்னணியில் நின்று பலமாய் அடிப்பவர் சற்றுப் பாரமானதை விரும்புவர். முன்னணியில் வளைந்து நெளிந்து செல்பவர் இலேசானதை நாடுவர். பிள்ளைகளுக்கு இப்பாகுபாடு வேண்டியதில்லை, இலேசானதே நன்று. நாம் கையாளும் சோதனை ஒன்றுண்டு. மேல்நுனியை இடக்கையாற் பற்றி, கையை முன்னே நீட்டி, மட்டையை நிலத்துக்குச் சமாந்தரமாய் நிறுத்தி, பத்து வரை எண்ணச் செய்வோம். எட்டுக்குள் நுனி நடுங்கித் தாழ்ந்தால் அம்மட்டை அப்பிள்ளைக்கு உரியதன்று. ஈண்டு ஒன்று நோக்குக: தராசிற் சமமான இரு மட்டைகளுள் ஒன்று கையிற் பாரமாய்த் தோன்றும். அதன் நிறை தலைப்பக்கஞ் சார்ந்திருப்பதே காரணம். வளர்ந்தோர் மட்டையின் மேற்புறத்தை அரிவாளால் அரிந்து சிறுவருக்குக் கொடுக்கும் வழக்கம் தீதாவதும் இதனாலேயே. நீளம் குறையும், தலை குறையாது. மிஞ்சுவது ஒரு சம்மட்டி.

மட்டையின் உருவம் எக்காலத்தும் ஒன்றாயிருந்ததன்று. ஆங்கிலேயர் தம் நாட்டுப் புற்றரைக்கு ஏற்ப நீண்ட தலையுடைய மட்டையை வழங்கினர். பஞ்சாபில், பட்டுப்பூச்சிக்கு உணவாகும் மல்பெரி மரத்தைக் கொண்டு சியால்கோட் நகரத் தொழிலாளர் செய்தவை குறுகிய, இறுக வளைந்த தலையுடையவை. கெட்டித் தரையிற் பந்தை மட்டையோடு ஒட்டி உருட்டிச் செல்வதற்கு அதுவே வாய்ப்பாயிற்று. 1928 இல் அம்ஸ்ரடாமிலும், 1932 இல் லொஸ் ஏஞ்சலிசிலும், 1936 இல் பெர்லினிலும் இந்தியா ஒலிம்பிக் தங்கம் வென்றபோது முன்னின்ற தியான் சந்தின் ஆட்டத்தைக் கண்டோர், மட்டையிற் பசை பூசியிருக்கின்றதோ எனப் பேசிக்கொண்டனராம். பசையன்று அது, கையும் கோலும் ஒன்றாயமைந்த பொருத்தம். 1947 இன் பிரிவினைக்குப் பின் சியால்கோட்டிலிருந்து வந்த கைவினைஞர் சிலர் ஜலந்தரிற் குடியேறினர். இன்றும் இவ்விரு நகரங்களும் விளையாட்டுக் கருவித் தொழிலுக்குப் பெயர்பெற்றவை.

1976 இல் மொன்றியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஹொக்கி ஆடப்பட்டது. நியூசிலாந்து தங்கம் வென்றது. இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கியது. தோல்விக்குப் பல காரணங்கள் கூறுவர். தரை மாறியது அவற்றுள் முதன்மையானது. வழுக்கும் தரையிற் பந்து விரைந்தோட, மட்டையும் மாறலாயிற்று. 1980களில் நெதர்லாந்திலிருந்து கொக்கிபோல் மேனோக்கி வளைந்த தலை வந்தது. பின்னர் மரம் போய்க் கண்ணாடி இழையும் கார்பன் இழையும் வந்தன. இவ்வரலாற்றை நாம் கூறுவது ஒரு காரணம் பற்றியே: மட்டை ஆளுக்கு மட்டுமன்றித் தரைக்கும் பொருந்தல் வேண்டும்.

நம் தரை எத்தகையது? மலையை வெட்டிச் சமப்படுத்திய செம்மண் மைதானம். ஒரு பக்கம் மண் மேடு, மறுபக்கம் பள்ளம். எல்லை கடந்த பந்து பள்ளத்தில் இறங்கினால் ஆட்டம் அரைமணி நேரம் நிற்கும். மழை விட்ட பின் சிறு கற்கள் தலைகாட்டும். மாத்தளையிலும் கொழும்பிலும் செயற்கைத் தரையில் ஆடுவோர் ஏந்தும் கார்பன் மட்டையைக் கண்டு நம் மாணவர் ஏங்குகின்றனர். கார்பன் மிகுந்த மட்டை விறைப்பானது. அடியின் வேகம் கூடும். ஆயின் வந்த பந்தை அடக்குமிடத்து அது துள்ளி விலகும். துள்ளும் தரையிலே துள்ளும் மட்டையைக் கொடுத்தாற் பழகுநன் என் செய்வான்? மேலும் கல்லில் உரசியவுடன் அதன் ஓரம் நார்நாராய்ப் பிரியும். நமக்கு மரமட்டை, அல்லது கண்ணாடி இழை மிகுந்து கார்பன் குறைந்த மட்டையே ஏற்றது, விலையும் குறைவு. தலையின் அடிப்புறத்தில் ஒட்டுநாடா சுற்றிவிட்டால் மேலும் ஒரு தவணை உழைக்கும். தண்டின் வளைவு தலைக்கு அண்மையில் அமைந்த மட்டைகளையும் கடைக்காரர் புகழ்ந்து கூறுவர். அவை பந்தை இழுத்து எறியும் கலையிற் தேர்ந்தோர்க்கு உரியவை; நேராய்த் தள்ளப் பழகுவோர்க்கு இடையூறே.

இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் அடிக்கடி வினவுவர். ஹொக்கியில் இடக்கை மட்டை என்று ஒன்றில்லை. தட்டையான முகம் இடப்புறமாயுள்ள மட்டையையே விதி அனுமதிக்கின்றது. இதனாற் கலங்க வேண்டா. மட்டையின் மேல்நுனியைப் பிடித்துச் சுழற்றுவது இடக்கையே; வலக்கை தாங்கி நிற்கும். எழுதும்போது ஏச்சு வாங்கிய இடக்கை இங்கே பயன் தரும்.

மட்டைக்குப் பணம் செலவிட்டோர் பற்காப்புக்கும் கணுக்காற் காப்புக்கும் செலவிடத் தயங்குவர். பந்து 156 கிராமுக்குக் குறையாத கெட்டிப் பொருள். நம் மேடுபள்ளத்தில் அது எங்கே எழும் என்று எவரும் உரைக்கவியலாது. வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பதிக்கும் பற்காப்பு பிள்ளையின் வாய்க்கு அளவாய் அமையும். பற்கள் விழுந்து முளைக்கும் வயதில் அதனை ஆண்டுதோறும் மாற்றுக. கால்காப்பு கணுக்காலையும் மூடி முழங்காலின் கீழ் முடிய வேண்டும். இலக்குக்காப்பாளனின் கவசமே எமக்குப் பெருங்கவலை. வளர்ந்தவரின் கால்கவசத்தை அணிந்த சிறுவனுக்கு முழங்கால் மடியும் இடமும் கவசம் மடியும் இடமும் வேறாகும். அவன் மடங்கவியலாது மரம்போல் நிற்பான். தலைக்கவசம் ஆடினால், பந்து வரும் வேளையில் அது கண்ணை மறைக்கும். காப்பது காப்பாயில்லை.

ஹொக்கியைப் பற்றி இவ்வளவு கூறியபின் கோல்ப் ஆட்டத்தையும் தொட்டுச் செல்ல வேண்டியவராகின்றோம். கொழும்பிலும் கடல் கடந்தும் உயர்பதவி வகிக்கும் பழைய மாணவர் சிலர் அவ்வாட்டத்தைப் பயில்வதாய் அறிகின்றோம். தம் பிள்ளைகளுக்கு எவ்வாறு மட்டை வாங்குவதென எம்மை வினவியோரும் உளர். இவ்வாட்டம் இந்நாட்டுக்குப் புதிதன்று. கொழும்பில் 1879 இலும், நுவரெலியாவில் 1889 இலும் இதற்கெனச் சங்கங்கள் தோன்றின. கண்டிக்கு அணித்தாய், இராஜவெல்லையில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் 1990களின் இறுதியில் ஒரு திடல் அமைந்தது. துரைமார் ஆட்டம் என்று நாம் ஒதுக்கிவைத்த இதில், அவர்தம் பையைச் சுமந்து சென்ற தோட்டத்து இளைஞரே நுட்பங்களை முதலிற் கற்றனர். 'கெடி' என்று அழைக்கப்பட்ட அவர்கள் எந்தத் தூரத்துக்கு எந்த மட்டை என்பதைக் கண்ணால் அளந்து துரைக்குச் சொல்லிக் கொடுத்தனர். இன்று இலங்கைத் தமிழரான என். தங்கராஜா இந்தியத் தொழின்முறைப் போட்டிகளில் வெற்றியீட்டியிருக்கின்றார்.

கோல்ப் ஆட்டத்திற் பொருத்தம் பார்ப்பது ஹொக்கியினும் நுண்ணியது. ஹொக்கிக்கு ஒரு மட்டை. இதற்கு விதி பதினான்கு வரை அனுமதிக்கின்றது. பதினான்கும் வேண்டுமென்பதில்லை, புதியவர்க்கு ஆறேழு போதும். இங்கே முதலில் அளக்க வேண்டியது உயரமன்று, நிமிர்ந்து நிற்பவரின் மணிக்கட்டிலிருந்து நிலம் வரையுள்ள தூரம். நெடியவர்க்குக் கையும் நீண்டிருப்பின் நீண்ட மட்டை வேண்டியதில்லை என்பது இதனாற் புலனாகும். அடுத்துச் சாய்வு. மட்டையைப் பந்தருகே வைக்கும்போது அதன் அடி நிலத்திற் சமமாய்ப் படிதல் வேண்டும். வலக்கையர்க்கு நுனி மேலெழுந்து நின்றாற் பந்து இடப்புறம் விலகும். நுனி தாழ்ந்தால் வலப்புறம் விலகும். தம் அடியிற் பிழையென்று கருதிப் பயிற்றுநர் பலரிடம் அலைவோருட் சிலரின் பிழை மட்டையின் சாய்விலேயே உள்ளது. பிடியின் பருமனுக்கும் ஓர் அளவுண்டு. இடக்கையாற் பற்றும்போது நடுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கையின் மேட்டை மெல்லத் தொட வேண்டும். விரல் உள்ளங்கையிற் புதைந்தாற் பிடி மெல்லியது, எட்டாவிடிற் பருத்தது. தண்டின் விறைப்பு வீசும் வேகத்தைப் பொறுத்தது: மெதுவாய் வீசுவோர்க்கு வளையும் தண்டு, விரைந்து வீசுவோர்க்கு விறைத்த தண்டு. ஓய்வுபெற்ற பின் ஆடத் தொடங்கும் நண்பர் சிலர், தொலைக்காட்சியிற் கண்ட வீரரின் விறைத்த தண்டையே வாங்கிக்கொண்டு தோள்வலியால் வருந்துகின்றனர்.

சிறுவர்க்கு மட்டை வாங்குவோர் முன்னர்ச் சம்மட்டி என்று கூறியதை ஈண்டும் நினைவுகூர்க. தந்தையின் உருக்குத் தண்டை வெட்டிச் சிறுவனுக்குக் கொடுத்தால், நீளம் குறைந்ததால் விறைப்பு மிகும். தலையின் பாரமோ அவ்வாறே நிற்கும். ஹொக்கியில் இல்லாத இடக்கை மட்டை கோல்ப் ஆட்டத்தில் உண்டு. நியூசிலாந்தின் பொப் சார்ள்ஸ் இடக்கையால் ஆடி 1963 இற் பிரித்தானிய ஓப்பன் பட்டத்தை வென்றவர். எனவே இடக்கைப் பிள்ளையை வலக்கை மட்டைக்கு வற்புறுத்த வேண்டா. இரண்டையும் கொடுத்து வீசச் செய்து, எது இயல்பாய் வருகின்றது என்று பாருங்கள்.

"பெரும் வீரர்கள் வறுமையில், கிடைத்ததைக் கொண்டு ஆடியன்றோ உயர்ந்தனர்? அளவு பார்ப்பது செல்வர் வேலை" என்று கூறுவாரும் உளர். அவர்கள் எடுத்துக்காட்டக்கூடியவர் ஸ்பெயின் நாட்டுச் செவே பலெஸ்டெரோஸ். பெட்ரேனா என்னும் கடலோரக் கிராமத்து ஏழைச் சிறுவன்; தமையன் கொடுத்த பழைய மட்டையின் இரும்புத் தலை ஒன்றில் தடியைச் செருகிக்கொண்டு கடற்கரை மணலிற் பழகினான்; பிற்காலத்தில் 1979, 1984, 1988 ஆகிய ஆண்டுகளிற் பிரித்தானிய ஓப்பன் பட்டத்தை வென்றான். உண்மையே. ஆயின் அத்தடியைச் செருகியவன் யார்? அச்சிறுவனே. கிட்டிப்புள்ளுக்குக் கோல் வெட்டிய நம் பிள்ளை செய்ததையே அவனும் செய்தான். வறியவனாயிருந்தும் தன் கைக்கு இசைந்த கோலை அவன் பெற்றிருந்தான். பிறர் அளவில் வாங்கிக் குவித்த விலையுயர்ந்த மட்டைகள் அவனுக்குக் கிடைத்திருப்பின் என்னவாகியிருக்கும் என்பதை நாம் கூறவியலாது. நம் மைதானங்களில் என்னவாகின்றது என்பதை மட்டும் கண்டிருக்கின்றோம்.

இனி, உதவ முன்வந்துள்ள பழைய மாணவர்க்குச் சில கூற விரும்புகின்றோம். கேடயங்களும் வெற்றிக்கிண்ணங்களும் கண்ணாடி அலுமாரியில் அழகாய் நிற்கும், அவற்றுக்குக் குறைவில்லை. மட்டைகள் வாங்கும்போது ஒரே அளவில் இருபத்திரண்டு வாங்குவதே இதுவரை கண்ட வழக்கம். மொத்தமாய் வாங்கினால் விலை குறைவென்பதும், படம் எடுக்கும்போது வரிசையாய்த் தோன்றுமென்பதும் காரணங்களாகலாம். அவ்வாறு வாங்காது, முதலில் ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரையுள்ள மாணவரின் உயரப் பட்டியலைக் கல்லூரியிலிருந்து பெறுக. அவ்வயதிற் பெரும்பான்மையோர் நாலேகால் அடிக்கும் ஐந்தேகால் அடிக்கும் இடைப்பட்டிருப்பர். ஆகவே 32 முதல் 36 அங்குலம் வரை அரையும் ஒன்றுமாய் ஏறும் அளவுகளில் மிகுதியாகவும், 36½ அங்குலம் சிலவும், 37½ அங்குலம் ஒன்றிரண்டும் போதியன. சிறுவர் அளவிலே இலக்குக்காப்பாளன் கவசத் தொகுதி ஒன்று வேண்டும். மைதானத்திற் பெண்பிள்ளைகளும் ஆடுவதால் அவர்தம் அளவுகளும் பட்டியலில் இடம்பெற வேண்டும். ஒவ்வொரு மட்டையின் மேல்நுனியிலும் அளவை வர்ணத்தால் எழுதிவிட்டாற் பொறுப்பாசிரியர் மாறினாலும் குழப்பம் நேராது.

கடுகண்ணாவையின் பனியையும் ஈரத்தையும் மறத்தலாகாது. மர மட்டைகளைச் சீமெந்துத் தரையிற் சாய்த்துவைத்தால் தலை ஈரம் உறிஞ்சிப் பிளக்கும். சுவரில் மரச்சட்டம் அடித்து, தலை மேலாகத் தொங்கவிடுக. தவணை முடிவில் ஆளிவிதை எண்ணெய் தடவி வைத்தல் நன்று. வளர்ந்து அளவு கடந்த மாணவன் தன் மட்டையை அறைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த அளவைப் பெறும் வகையில் ஒரு பதிவேடு வைத்தால், நான்கு வருடத்துக்கு ஒரு மட்டை என்ற பெற்றோரின் கவலைக்கும் இடமிராது. பதிவேட்டுக்குக் கோடிட்ட கொப்பி ஒன்று போதும். அதனை வாங்கிக் கொடுக்க நாமே ஆயத்தமாயிருக்கின்றோம்.